லோரி முனியாண்டி யோசித்த இடம்

"சார் அந்தக் காலத்துல படம் பார்த்துச் சம்பளம் வாங்குனவரு" என்று சொல்லிக் கவிதா என்னை அறிமுகப்படுத்தினாள். கவிதா ஒரு காலத்தில் எங்கள் தொழிற்சாலையில் டிவிடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள். இப்போது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தரம் என்றால் என்னவென்று இரண்டு வார்த்தை சொல்லும்படி என்னை அழைத்திருந்தாள். இரண்டு வார்த்தைக்காக நான் ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டி, மேற்கோள்களோடு போயிருந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அங்கிள், அந்த வேல இப்பவும் கெடைக்குமா?"

கிடைக்காது என்றேன். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றினால் போதும். படத்தில் எதை ஊற்றிப் பார்ப்பது?

திரும்பி வரும்போது கவிதா வாசல்வரை வந்தாள். "மேற்கோள் எல்லாம் எதுக்கு சார்? அந்த லோரிக்காரப் பெரியவரு கதைய சொல்லியிருந்தா புள்ளைங்க கேட்டிருக்கும்லா. எழுதியாவது குடுங்க."

எழுதிக் கொடுக்கிறேன்.

நான் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து, ஆசிரியராகலாம் என்று விண்ணப்பித்து, அவர்கள் அதை விரும்பாததால் ரவாங் பக்கத்துத் தொழிற்பேட்டையில் டிவிடி அச்சடிக்கும் தொழிற்சாலைக்குப் போனேன். முதலில் அட்டை ஒட்டினேன். பிறகு வட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்த்தேன். பார்ப்பதில் நான் தேறிவிட்டதாக நினைத்தார்களோ, ஒட்டுவதில் தேறமாட்டேன் என்று நினைத்தார்களோ, தரக்கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான்.

அந்த அறையின் வேலை இது. சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரு படம் வரும். அதை வைத்து அச்சு தயாராகும். அச்சிலிருந்து முதலில் சில சோதனை வட்டுகளை மட்டும் எடுப்பார்கள். அதை ஒருவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே இயந்திரத்தை ஓடவிட வேண்டும். ஓடத் தொடங்கினால் நிற்காது. அச்சில் ஒரு தவறு இருந்தால் எத்தனை வட்டோ அத்தனை தவறு.

கையெழுத்துப் போடும் அதிகாரம் ஞானப்பிரகாசம் சாருக்கு மட்டுமே. அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஞானம் சார் சினிமா பார்க்காதவர்.

இளவயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது, இனிச் சினிமா பார்ப்பதில்லை என்று சபையில் வாக்குக் கொடுத்தவர். அதை மீறியதே இல்லை. சினிமா டிவிடி அச்சடிக்கும் தொழிற்சாலையில் தரத்துக்குத் தலைவராக இருந்துகொண்டு எப்படி மீறாமல் இருக்க முடியும் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வேலு, நான் பாக்குறது பிளாஸ்டிக்கு. அதுக்குள்ள என்னா ஓடுதுன்னு எனக்கு என்னாத்துக்கு?"

அவர் முறை இப்படி. தொலைக்காட்சியின் ஒலியை முழுக்க அணைத்துவிடுவார். திரைக்கு ஒரு முழத் தூரத்தில், நாற்காலியின் நுனியில், முதுகு எதிலும் படாமல் உட்காருவார். நடுவில் பார்க்கமாட்டார். நடுவில்தான் கதை இருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. மூலைகளை மட்டும் சுற்றி வருவார். "மேல வலது, சுத்தம். கீழ வலது, சுத்தம். கீழ எடது..." என்று உதடு முணுமுணுக்கும். படம் கட்டம் கட்டமாக உடைவது, கோடு விழுவது எல்லாம் மூலையில்தான் தொடங்கும் என்பார். அது உண்மையும்கூட.

"வேலு, மேல எடது மூலையில ஒரு பொம்பள அழுவுது. கன்னத்துல கட்டம் தெரியுது. எழுதிக்க."

"கதாநாயகியா சார், அம்மாவா?"

"யாரா இருந்தா என்னா? கட்டம் கட்டந்தான்."

ஒலி என் பொறுப்பு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். படத்தைப் பார்த்தால் காது தூங்கிவிடும் என்பது சாரின் விதி. ஆக, எத்தனையோ தமிழ்ப் படங்களை அவர் கேட்காமல் பார்த்தார், நான் பார்க்காமல் கேட்டேன். எங்கள் இருவரையும் சேர்த்தால்தான் ஒரு மனிதன் படம் பார்த்த கணக்கு. எனக்குப் பல கதாநாயகிகளைக் குரலை வைத்துத்தான் தெரியும். என் மனைவி என்னோடு தியேட்டருக்கு வருவதில்லை. இருட்டியதும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேனாம்.

இன்னொரு முக்கியமான ஊழியரையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு ப்ளேயர். நல்ல ப்ளேயர் எல்லாத் தவறையும் மூடி மறைத்துவிடும் என்பதால், குவாலா சிலாங்கூர் இரவுச் சந்தையில் இருப்பதிலேயே மட்டமான ஒன்றைச் சார் தேடி வாங்கி வந்திருந்தார். எதிலும் குறை கண்டுபிடிக்கும் என்பதால் அதற்கு 'கிராணி' என்று பெயர் வைத்தோம். தோட்டத்தில் எங்கள் அப்பாவின் ரப்பர்ப் பால் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் கணக்குப்பிள்ளை, அந்தக் கிராணியின் அதே சுபாவம். கிராணியில் ஓடினால் எதிலும் ஓடும்.

உற்பத்தி மேலாளர் மிஸ்டர் தானுக்கு எங்கள் அறையில் ஒரே ஒரு வேலை. கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "ஞானம், போலே?" என்பார். மலாயில் 'முடியுமா, விடலாமா' என்று அர்த்தம். சார் திரும்பாமலே "பெலும்" என்பார். 'இன்னும் இல்லை.' கதவு சாத்தப்படும். பல வருடங்கள் இருவரும் பேசிக்கொண்டது இந்த இரண்டு சொற்கள்தான். தீபாவளிக்கு முன்பு மட்டும் உரையாடல் கொஞ்சம் அடிக்கடி நடக்கும்.

இனி, படிக்கட்டு.

நீளமான படமாக இருந்தால் ஒரே டிவிடியில் இரண்டு அடுக்கு வைப்போம். மாடி வீடு மாதிரி. முதல் பாதி கீழ்த்தளம், அடுத்த பாதி மாடி. ப்ளேயரின் கதிர் கீழே படித்து முடித்து மாடிக்கு ஏறும்போது ஒரு கணம் படம் அப்படியே நின்று பிறகு ஓடும். அந்த இடத்தைத்தான் படிக்கட்டு என்போம். நல்ல ப்ளேயரில் அது தெரியவே தெரியாது. கிராணி மாதிரியான ஆட்கள் மூட்டுவலிக்காரர் போல நின்று, மூச்சு வாங்கி, மெதுவாக ஏறுவார்கள். படிக்கட்டை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் கீழ்த்தளம் மாடியைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அதாவது படம் பாதியைத் தாண்டிய பிறகுதான் வைக்க முடியும். ஆடாத, அசையாத, சத்தமில்லாத ஒரு கணமாகப் பார்த்து வைத்தால் யாருக்கும் தெரியாது.

தமிழ்ப் படத்தின் இரண்டாம் பாதியில் ஆடாத, அசையாத, சத்தமில்லாத ஒரு கணம். தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

நான் சொல்லப்போகும் கதைக்கு முந்தைய வருடம் சார் விடுப்பில் இருந்தபோது, அவருக்குப் பதிலாக ஒரு என்ஜினியர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படத்தில், படிக்கட்டு ஒரு பாட்டின் நடுவில் விழுந்துவிட்டது. கதாநாயகி வாயைத் திறந்தபடியே நின்றாள். கிள்ளானிலிருந்து குவாலா குபு பாரு வரை கடைக்காரர்கள் 'கெட்டுப்போன சரக்கு' என்று திருப்பி அனுப்பினார்கள். மிஸ்டர் தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விடுப்பில் இருந்தவரைத் திட்ட முடியாது, என்ஜினியரைத் திட்டினால் கோபித்துக்கொள்வார், மீதி இருந்தது நான். "இன்னொரு தடவை இந்த மாதிரி நின்று சரக்கு திரும்பி வந்தால், நீ வீட்டில் உட்கார்ந்து ஓசியில் படம் பார்" என்றார், மலாயில், சிரித்துக்கொண்டே. அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் 'மாப்பிள்ளை படக் கம்பெனியில் இருக்கிறார்' என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில் வந்து சேர்ந்தார் குணசேகரன்.

கெர்லிங்கில் கல்யாணங்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். சொந்தமாக ஒரு படம் எடுத்திருந்தார். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அதில் 'பாசம்' என்ற சொல் இரண்டு முறை வந்தது என்று மட்டும் சொல்கிறேன். கதை, வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. நாற்பதைத் தாண்டிய குணசேகரன் அதில் கல்லூரிக்குப் போவார். தீபாவளிக்குக் கடைக்கு வர வேண்டும். தீபாவளிக்குப் பிறகு வரும் தமிழ் டிவிடியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். படமோ மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டு வட்டாகப் போடலாமே என்றால், அட்டையும் உறையும் ஏற்கெனவே அச்சாகிவிட்டன.

ஒரு மத்தியானம் நானும் அவரும் உட்கார்ந்து இரண்டாம் பாதியில் படிக்கட்டுக்கு இடம் தேடினோம். முதலில் அம்பாங் பெச்சாவில் எடுத்த சண்டை. வில்லனின் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் அவரிடம் நாற்காலி அடுக்குபவர்கள், முதலாளியிடம் பல வருடமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுபோல் மனதார அடித்தார்கள். அடுத்து பாசிர் பெனம்பாங்கில், மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே காதல் பாட்டு. கதாநாயகி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே ஆடியது வெட்கம் என்று குணசேகரன் சொன்னார். காய்ந்துகொண்டிருந்த கருவாடும் அதே சட்டகத்தில் இருந்தது. அடுத்து நீதிமன்றம். நீதிபதி உட்பட எல்லாரும் கத்தினார்கள். எங்குமே பின்னணி இசை ஒரு நொடிகூட ஓயவில்லை.

"அண்ணே, ஒரு எடத்துல தெரைய கறுப்பாக்கியிருக்கலாம்ல? நம்ம வேல சுலபமா போயிருக்கும்."

"கறுப்பாக்குனா ஜனங்க டிவிய தட்டுவாங்க தம்பி."

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. மகன் பல வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வருகிறான். கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். மகன் ஒரு கேள்வி கேட்கிறான். அப்பா ஒரு கணம் பதில் சொல்லாமல் பார்க்கிறார். இசை இல்லை. அசைவு இல்லை. மேல் வலது மூலையில், கூரையில் தொங்கும் காத்தாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"இதுதாண்ணே எடம்!" என்று கத்திவிட்டேன்.

குணசேகரன் முகம் மாறியது. "அது எங்கப்பா தம்பி."

"படத்துலதானே?"

"படத்துலயும்."

அப்பா வேடத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகர் அன்று வரவில்லை. வேறு வழியில்லாமல் தன் சொந்த அப்பாவையே கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார். முனியாண்டி, தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். மகன் படம் எடுப்பதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. 'நாக்காலிய நேரா அடுக்கத் தெரியல, இவன் படம் எடுக்கிறானாம்' என்று கெர்லிங் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர். ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்த வசனத்தில் ஒரு வரிகூட அவர் மண்டையில் ஏறவில்லை. மகன் கேட்டதும் ஒரு கணம் முழித்தார். பிறகு எழுதாத வேறு எதையோ சொன்னார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அப்படியே வைத்துக்கொண்டார்கள். இசையமைப்பாளர் இந்தக் காட்சிக்கு வருவதற்குள் கோயில் கச்சேரிக்குப் போய்விட்டார்.

"என்னா வேணும்னாலும் பண்ணுங்க தம்பி. அப்பா சீன்ல மட்டும் வேணாம். தீவாளிக்கு எங்க வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்து பாக்கப் போறாங்க. அவரும் உக்காருவாரு. அவரு மூஞ்சி ஸ்டக் ஆயி நின்னு, யாராச்சும் ஒருத்தன் சிரிச்சான்னு வைங்க... அவரு இனி என் வாசப்படி மிதிக்க மாட்டாரு. ஏதோ இந்த ஒரு தடவதான் நான் கேட்டதுக்கு வந்தாரு."

"பாட்டுல நின்னா எல்லாருக்கும் தெரியும்ண்ணே. உங்கப்பா ஏற்கெனவே நிக்கிறாரு."

"காத்தாடி சுத்துதே. அது நின்னா தெரியாதா?"

அது எனக்கும் உறுத்தியது. மேல் வலது மூலை. ஞானம் சாரின் குடியிருப்பே அங்கேதான். "சார் கண்ணுல படலன்னா யாரு கண்ணுலயும் படாது" என்றேன்.

"பட்டுச்சுன்னா?"

"பட்டுச்சுன்னா தீவாளிக்குப் படம் இல்லண்ணே." எனக்குக் கல்யாணமும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டு, "வைங்க" என்றார்.

சோதனை வட்டு வந்தது. இயந்திரத்தைச் சூடாக்கி வைத்துக்கொண்டு கீழே காத்திருந்தார்கள். மிஸ்டர் தான் காலையிலிருந்தே தலையை நீட்டிக்கொண்டிருந்தார். "போலே?" "பெலும்." குணசேகரன் வரவேற்பறையில், எங்கள் நாற்காலிகளைத் தொழில்முறையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி என் பக்கத்து மேசையில். சார் நாற்காலி நுனியில். நான் முதுகைக் காட்டி.

பாட்டும் சண்டையும் என் காதை அடைத்தன. பின்னால் சாரின் முணுமுணுப்பு. கூடம் வந்தது. மகன் கேட்டான். பிறகு மௌனம். கிராணியின் முகப்பில் ஓடும் எண்களை ஓரக்கண்ணால் பார்த்தேன். நின்றன. படிக்கட்டு. கிராணி மூச்சு வாங்குகிறது. ஹெட்போனைக் கொஞ்சம் விலக்கினேன். மேல வலது என்று கேட்கும், நிக்குது என்று கேட்கும் எனக் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன். திரையில் பெரியவர் அசையாமல் இருந்தார். காத்தாடி செத்துப்போய் நின்றது. ஞானம் சாரின் முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. அத்தனை வருடத்தில் அந்த நாற்காலிக்குச் சாய்மானம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் மூலையைப் பார்க்கவில்லை. நடுவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராணி மாடி ஏறியது. காத்தாடி சுற்றியது. பெரியவரின் உதடு அசைந்தது.

"வேலு," என்றார் சார், திரும்பாமல். "அந்தப் பெரியவரு என்னா சொன்னாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தப் பெரியவரு சார்?"

"அதான், கூடத்துல ஒக்காந்திருக்காரே. அந்தப் பையன் என்னமோ கேட்டான். இவரு ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம் என்னமோ சொன்னாரே, என்னா அது?"

"பையன் 'அப்பா, என்னைய மன்னிச்சிட்டீங்களா?'ன்னு கேட்டான் சார்."

"சரி."

"இவரு 'வண்டிய நெழல்ல போட்டியா?'ன்னு கேட்டாரு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"மன்னிச்சிட்டாரு" என்றார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதரோடு வேலை பார்த்தவனுக்கு அது வராது. "சார், காத்தாடி..." என்றேன்.

"எந்தக் காத்தாடி?"

பின்னால் ஓட்டிக் காட்டினேன். இந்த முறை நுனிக்கு வந்து, முதுகை நிமிர்த்தி, மூலையை மட்டும் பார்த்தார். கிராணி நின்றது.

"நிக்குதுலா" என்றார். என் கல்யாணமும் அங்கே நின்றது.

கதவு திறந்தது. "ஞானம், போலே?" கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவராக மிஸ்டர் தான் கதவைச் சாத்தப் போனார்.

சார் மூலையைப் பார்த்தார், நடுவைப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "மொத தடவ நான் பாக்கல வேலு. கொற பாக்கறதுக்குன்னே ஒக்காந்திருக்கிற நானே பாக்கல. அந்தக் கேள்விய கேட்டப்புறம் காத்தாடிய யாரு பாக்கப் போறா?" கதவுப் பக்கம் திரும்பி, "போலே" என்றார்.

மிஸ்டர் தான் நம்பவில்லை. உடம்பையும் அறைக்குள் கொண்டுவந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, மனம் மாறுவதற்குள் ஓடினார்.

கையெழுத்துப் போட்டு முடித்துச் சார் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பையன் அப்படி என்னா தப்பு பண்ணான்?" சாப்பாட்டு நேரத்தில் முழுக் கதையையும் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "அப்ப அம்பாங் பெச்சாவுல எதுக்குச் சண்ட?" என்றார். அது எனக்கும் புரியவில்லை சார் என்றேன். எழுந்து போகும்போது, "நான் கததான் கேட்டேன். படம் பாக்கல" என்று தெளிவுபடுத்திவிட்டுப் போனார்.

தீபாவளி கழிந்து குணசேகரன் தொழிற்சாலைக்கு முறுக்கோடு வந்தார். வீட்டில் அந்தக் காட்சி வந்தபோது சிரிக்கத் தயாராக இருந்த சித்தப்பாகூடச் சிரிக்கவில்லையாம். அத்தை அழுதாராம். முனியாண்டி மட்டும் திரையில் தன்னைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் யோசிச்சிருக்கேன்" என்றாராம்.

ஒரு வட்டுகூடத் திரும்பி வரவில்லை. சண்டையையும் பாட்டையும் யாரும் பேசவில்லை. 'அந்தப் பெரியவரு படம்' என்று கேட்டு வாங்கினார்கள். அவர் நடிப்பைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து நிலவியது. விலையுயர்ந்த ப்ளேயர் வைத்திருந்தவர்கள் 'சுமார்தான்' என்றார்கள். இரவுச் சந்தை ப்ளேயர் வைத்திருந்தவர்கள் 'அப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை' என்றார்கள். வட சிலாங்கூரில் இரண்டாவது வகையினரே அதிகம். கோயில் திருவிழாவுக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் முனியாண்டியைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். பாராட்டு பெரிதாகப் பெரிதாக, யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வதை அவர் நிறுத்திவிட்டார் என்று குணசேகரன் சொன்னார். காப்பியில் சீனி போடவா என்று கேட்டால்கூட ஒரு படிக்கட்டு ஏறிய பிறகுதான் பதில் வருமாம்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. டிவிடிக்கு மதிப்புக் குறைந்தது. தொழிற்சாலையை மூடினார்கள், தலை நரைப்பதற்குள் நான் ஓய்வுபெற்றேன். பிரியும்போது ஞானம் சார் கிராணியை என் கையில் கொடுத்தார். "நல்ல வேலக்காரன். பாத்துக்க" என்றார். இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். மகளின் பெரிய தொலைக்காட்சி முன் முதுகு சாயாமல் உட்கார்ந்து செய்தி மட்டும் பார்ப்பாராம்.

கவிதாவின் தொழிற்சாலைப் பிள்ளைகளிடம் நான் பேசித் தோற்றதற்குச் சில நாள் முன்புதான் குணசேகரன் தொலைபேசியில் அழைத்தார். அவர் மகன் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியிருக்கிறான். அங்கே அடுக்கும் இல்லை, படிக்கட்டும் இல்லை. படத்தில் மகன் மன்னிப்பைப் பற்றிக் கேட்டதும் அப்பா பட்டென்று வண்டியைப் பற்றிக் கேட்கிறார். கீழே எல்லாரும் சிரிக்கிற மஞ்சள் முகங்களாகப் போட்டிருக்கிறார்கள். 'தாத்தாவுக்குக் காது கேக்கல போல' என்று ஒருவர்.

"அது பரவாயில்ல தம்பி. அப்பா பேரன் போன்ல பாத்துட்டாரு. 'நான் யோசிச்சத எவன் வெட்டுனது?'ன்னு கேக்கிறாரு. நான்தான் பொறாமையில வெட்டிட்டேனாம். கோவிச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு பையத் தூக்கி வச்சிட்டாரு. அந்த நிப்பாட்டுன எடத்த திரும்பப் போட முடியுமா?"

வாழ்நாள் முழுக்கத் தவறை எடுக்கச் சொல்லித்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். திரும்ப வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கிராணியையும் பழைய டிவிடியையும் காரில் ஏற்றிக்கொண்டு கெர்லிங் போனேன். புதிய தொலைக்காட்சியில் கிராணியின் கம்பியைச் சொருக இடமே இல்லை. குணசேகரன் நாற்காலிக் கிடங்கிலிருந்து முதுகு பெருத்த பழைய தொலைக்காட்சி ஒன்றைத் தூக்கி வந்தார். முனியாண்டி தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார். கட்டி வைத்த பையை மடியிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதான் அந்தப் படக் கம்பெனியா?" என்றார். ஆமாங்கய்யா என்றேன்.

கிராணி முனகிக்கொண்டே ஓடியது. கூடம் வந்தது. இருபது வயது குறைந்த முனியாண்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, என்னைய மன்னிச்சிட்டீங்களா?" என்றார் திரையில் குணசேகரன்.

கிராணி நின்றது. பெரியவர் முகம் நின்றது. காத்தாடி நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். கிராணிக்கும் வயதாகிவிட்டது. உள்ளே ஏதோ டக்கென்றது, பிறகு அதுவும் இல்லை. மாடி ஏறவே இல்லை. குணசேகரன் என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அதன் தலையில் ஒரு தட்டு தட்டக் கையை ஓங்கினேன்.

"ஏய், தட்டாத," என்றார் முனியாண்டி. பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "யோசிச்சிட்டிருக்கேன்ல."

கையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே என் கார் நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தது.